மனித உரிமை முதுகலை, முழுச் செலவும் ஏற்கும் உதவித்தொகை: காரைக்குடிப் பக்கத்திலிருந்து போனவர்கள் வழி சொல்லுங்கள்

பள்ளத்தூர்ப் பேத்தி
மே 3, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பொறியியல், எம்பிஏ, நர்சிங் என்று வெளிநாட்டுப் படிப்பு பற்றி இங்கே நிறைய இழைகள் இருக்கின்றன. மனித உரிமை படிக்கப் போவதைப் பற்றி ஒன்றும் கண்ணில் படவில்லை. அதனால் புதிதாகத் தொடங்குகிறேன்.

எனக்கு 25 வயது. பி.ஏ. ஆங்கிலம், பிறகு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து இரண்டு ஆண்டு நான்கு மாதமாகக் காரைக்குடியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போய், சம்பளம் கிடைக்காமலோ உடம்பு கெட்டோ திரும்பி வரும் பெண்களுக்கு மனு எழுதுவது, தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவது, ஏஜென்ட் மேல் புகார் கொடுக்க ஸ்டேஷனுக்கு உடன் போவது, இதுதான் அன்றாடம். நம் ஊரிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்யப் போன ஆண்களின் கதையை எல்லோரும் சொல்வார்கள். இன்று இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் குவைத்துக்கும் மஸ்கட்டுக்கும் போய்க்கொண்டிருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு கட்டத்துக்கு மேல் எனக்குச் சட்டம் தெரியவில்லை. போன நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது, நம் 1983 குடிபெயர்வுச் சட்டம் எதுவரை கைகொடுக்கும், சர்வதேச உடன்படிக்கை என்று ஒன்று இருந்தால் அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது, எதுவும் தெரியாமல் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒழுங்காகப் படித்துவிட்டு வந்து இதே வேலையைச் செய்ய வேண்டும்.

அப்பாவுக்கு ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் வேலை. கல்விக்கடன் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. கட்டணம், சாப்பாடு, தங்குமிடம், விமானம் எல்லாம் சேர்த்துக் கொடுக்கும் உதவித்தொகை உண்மையில் இருக்கிறதா? யாராவது வாங்கிப் போயிருக்கிறீர்களா?

கோல்செஸ்டர் போய்வந்தவள்
மே 3, இரவு 11.05

தங்கச்சி, இருக்கிறது. நான் வாங்கிப் போனவள். செவனிங் உதவித்தொகையில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்துவிட்டு இப்போது மதுரையில் வேலை செய்கிறேன்.

செவனிங் என்பது பிரிட்டன் வெளியுறவுத் துறை 1983 முதல் கொடுத்து வருவது. ஓராண்டு முதுகலைக்குக் கட்டணம் முழுவதும், மாதாமாதம் செலவுக்குப் பணம், போகவர விமானம், விசா எல்லாம் அவர்கள் பொறுப்பு. விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் இல்லை. பட்டம் வாங்கிய பிறகு குறைந்தது 2 ஆண்டு வேலை அனுபவம் காட்ட வேண்டும். அதை 2,800 மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வாரம் 35 மணி, ஆண்டுக்கு 40 வாரம் என்றாலே இரண்டு ஆண்டில் அது வந்துவிடும். தொண்டு நிறுவன வேலையும் கணக்கில் சேரும். நீ இப்போதே தாண்டிவிட்டாய்.

பிரிட்டனில் மூன்று படிப்புகளைத் தேர்ந்தெடுத்து அதில் எழுத வேண்டும். பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், செவனிங் உனக்கு இடம் வாங்கித் தராது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். படித்து முடித்ததும் ஊர் திரும்பிக் குறைந்தது 2 ஆண்டு இங்கே இருக்க வேண்டும். உனக்கு அது நிபந்தனையாகவே தெரியாது என்று நினைக்கிறேன்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனி. மனித உரிமையில் எல்எல்எம் (சட்ட முதுகலை) என்று போட்டிருந்தால் பெரும்பாலும் சட்டப் பட்டம் கேட்பார்கள். எம்ஏ, எம்எஸ்சி என்று இருந்தால் சமூகப்பணி படித்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கும். யுசிஎல், எல்எஸ்இ, சசெக்ஸ், யார்க் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் அப்படி இருக்கிறது. யார்க்கில் உள்ள மையம் களப்பணியாளர்களை மனதில் வைத்தே பாடம் நடத்துவது, உன் வேலைக்கு நெருக்கமானது. ஆக்ஸ்போர்டின் மனித உரிமைச் சட்டப் படிப்பு பெயரைப் பார்த்து ஆசைப்படாதே. அது பகுதிநேரப் படிப்பு, செவனிங் அதற்குப் பணம் தராது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் திறப்பார்கள். 2025இல் ஆகஸ்ட் 5 முதல் அக்டோபர் 7 வரை இருந்தது. இப்போது மே. நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறாய்.

புதுவயல்காரர்
மே 4, காலை 7.20

நான் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தங்கை மகளுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து ஊர் ஒன்றில் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை என்று ஒரு அலுவலகம். "நூறு சதவீத ஸ்காலர்ஷிப்" என்று சொல்லி 40 ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். நாலு மாதம் கழித்து வந்த கடிதத்தைப் படித்தால் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, அவ்வளவுதான். மீதிக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் எங்கள் தலையில். கேட்டதற்கு "இதுவும் ஸ்காலர்ஷிப்தானே" என்றார்கள். பிள்ளை மூன்று நாள் சாப்பிடவில்லை. அவள் அப்பா அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர், அந்தப் பணத்தைச் சேர்க்க அவருக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும்.

இந்தப் பெண்ணும் அப்படி ஏமாறக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். முழுது என்று அவர்கள் சொன்னால் எதை வைத்து நம்புவது?

தேவகோட்டை வக்கீல்
மே 4, காலை 10.15

புதுவயல் அண்ணன் கேட்டதற்கு முதலில் பதில்.

"முழு" என்ற சொல்லை நம்பாமல் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கல்விக் கட்டணம். வாடகையும் சாப்பாடும். விமானம். விசாவும் அதோடு கட்ட வேண்டிய மருத்துவக் கட்டணமும். பிரிட்டனில் மாணவர்களுக்கு இந்த மருத்துவக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 776 பவுண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் கொடுக்கிறார்கள் என்று எழுத முடிந்தால் அது முழு உதவித்தொகை. ஒரு வரி காலியாக இருந்தாலும் இல்லை.

உதாரணம் சொல்கிறேன். கிரேட் என்ற பிரிட்டிஷ் உதவித்தொகை 10,000 பவுண்டிலிருந்து தொடங்குகிறது, கட்டணத்தில் கழித்துக்கொள்ள மட்டும். சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் மனித உரிமைச் சட்டம் படிப்பது உலகெங்கும் மதிப்புள்ளது, ஆனால் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகை கட்டணத்தை மட்டும்தான் தொடும், மாதச் செலவு நம்முடையது. அயர்லாந்து அரசின் உதவித்தொகையில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கையில் 10,000 யூரோ, ஓராண்டுக்கு. கால்வே நகரில் மனித உரிமை மையம் இருக்கிறது, சிறந்த இடம். ஆனால் 10,000 யூரோவில் அங்கே ஓராண்டு ஓட்டுவது கடினம், பகுதிநேர வேலை தேவைப்படும். ஜே.என். டாட்டா அறக்கட்டளை 1892 முதல் இருக்கிறது, கௌரவமானது, ஆனால் அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன். நான் எதையும் குறை சொல்லவில்லை. தரைக்கல் பட்டறைக் குடும்பத்துப் பெண்ணுக்கு எது பொருந்தும் என்பதுதான் என் கவலை.

சரி, இப்போது அரசுத் திட்டங்கள். பேத்தி, உங்கள் சாதிச் சான்றிதழில் என்ன இருக்கிறது என்று இந்தப் பொதுவெளியில் எழுத வேண்டாம். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. பெரும்பகுதி பட்டியல் சாதியினருக்கு. சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கும் சில இடங்கள் உண்டு. 35 வயதுக்குள், 60 சதவீத மதிப்பெண், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், கியூஎஸ் என்ற உலகத் தரவரிசையில் முதல் 500 பல்கலைக்கழகங்களில் ஒன்றில் இடம். பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு.

இதில் ஒரு முள் இருக்கிறது. 2022இல் விதியை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இந்த நிதி கிடையாது என்று எழுதிவிட்டார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆராய நினைத்த பிள்ளைகளின் வழியை இது நேராக அடைத்தது. எனக்கு இந்த விதி மீது கடுமையான வருத்தம். கண்டதேவிக் கோயில் தேர், பட்டியல் சாதியினர் வடம் பிடிக்கும் உரிமை பற்றிய தகராறில் பல ஆண்டு ஓடாமல் நின்று 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலோடு ஓடியதை இரண்டு மைல் தூரத்தில் நின்று பார்த்தவன் நான். வடத்தை யார் தொடலாம் என்ற கேள்வியை விட மனித உரிமைப் பாடத்துக்கு வேறு என்ன வேண்டும்? ஆனால் விதி இன்று அப்படி. உங்கள் விஷயம் வளைகுடா நாடுகளின் தொழிலாளர் சட்டத்தைப் பற்றியது என்பதால் இந்தத் தடையில் மாட்டாமல் எழுத இடமுண்டு.

அடுத்து நம் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் ஆகியோருக்கு. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. மத்திய அரசுத் திட்டத்தில் இடமில்லாத கிறிஸ்தவ ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு இது ஒன்றுதான் கதவு. நம் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பார்க்கும் பிள்ளைகளிடம் எல்லாம் சொல்லுங்கள்.

வளவு வாசல்
மே 4, மாலை 6.30

கானாடுகாத்தான்காரன். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையில் மனித உரிமைக் கொள்கையும் நடைமுறையும் என்ற படிப்பை முடித்தவன். சுவீடனில் கோத்தன்பர்க், ஸ்பெயினில் பில்பாவோ, லண்டனில் ரோஹாம்ப்டன், நார்வேயில் துரொம்சோ என்று நாலு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது. இரண்டு ஆண்டு.

பணம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். மாதம் 1,400 யூரோ, 24 மாதம் வரை. மொத்தம் 33,600. கட்டணம் தள்ளுபடி. ஆனால் விமானம், விசா, வாடகை எல்லாம் அந்த 1,400க்குள் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். தனியாக டிக்கெட் எடுத்துத் தரமாட்டார்கள். வக்கீல் சாரின் தாளில் எழுதிப் பார்த்தால் எல்லா வரியும் நிரம்பும், ஆனால் முதல் இரண்டு மாதம் நிரம்பாது. உதவித்தொகை பெரும்பாலும் அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரத் தொடங்கும். அதற்குள் டிக்கெட், விசா, அறைக்கு முன்பணம், போர்வை, குளிர்க்கோட்டு. நான் கையில் இரண்டு லட்சம் ரூபாய் இல்லாமல் கிளம்பியிருக்க முடியாது. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போய், ஐந்தாம் மாதம்தான் மீண்டது. முழு உதவித்தொகை என்று எழுதும் யாரும் இந்த இடைவெளியைச் சொல்வதில்லை. கிடைத்த பிறகு ஏற்பாடு செய்யத் திணறாமல் இப்போதிலிருந்தே மாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் அக்கா.

இன்னொன்று. எராஸ்மஸ் நிதி ஒவ்வொரு படிப்புக்கும் சில ஆண்டுகளுக்கு என்று கொடுக்கப்படுவது. ஒரு படிப்பு தொடர்ந்து நடக்கும், அந்த ஆண்டு உதவித்தொகை இடம் இருக்காது. விண்ணப்பிக்கும் ஆண்டில் இடம் உண்டா என்று படிப்பை நடத்துபவர்களுக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பதில் தருவார்கள். விண்ணப்பம் பொதுவாக அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள்.

பழைய தகவலை நம்பி ஏமாற வேண்டாம் என்று ஒரு எச்சரிக்கையும். நார்வேயில் எல்லோருக்கும் படிப்பு இலவசம் என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். 2023 இலையுதிர்ப் பருவத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அங்கே கட்டணம் வந்துவிட்டது.

கோட்டையூர்த் தம்பி
மே 5, காலை 8.00

அண்ணே, நான் சட்டம் கடைசி ஆண்டு. 22 வயது. வேலை அனுபவம் எதுவும் இல்லை. எனக்கு ஏதாவது உண்டா?

வளவு வாசல்
மே 5, காலை 8.50

தம்பி, எராஸ்மஸுக்குப் பட்டம் போதும், ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற பொதுவிதி இல்லை. அப்புறம் ஃபீலிக்ஸ் உதவித்தொகையைப் பார். பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு, ரெடிங், லண்டன் சோவாஸ் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் மட்டும். இந்தியாவில் முதல் வகுப்பில் பட்டம் வாங்கி, இதற்கு முன் வெளிநாட்டில் ஓராண்டு படிக்காத, பண வசதியில்லாத பிள்ளைகளுக்கென்றே உள்ளது. 30 வயதுக்குள் இருக்க வேண்டும். கட்டணம், செலவு, விமானம் எல்லாம் உண்டு. சோவாஸில் மனித உரிமைச் சட்டம் நன்றாக இருக்கும். இடங்கள் மிகக் குறைவு, மதிப்பெண்ணைக் கைவிடாதே.

காமன்வெல்த் பகிர்வு உதவித்தொகையும் இருக்கிறது. அது பல்கலைக்கழகம் வழியாக, அவர்கள் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டும். இந்தியர்களுக்கு உண்டு. வளர்ச்சிக்கு உன் படிப்பு எப்படிப் பயன்படும் என்று கேட்பார்கள்.

தேவகோட்டை வக்கீல்
மே 5, பிற்பகல் 2.10

தம்பிக்கு ஒரு மூத்தவனாக ஒன்று சொல்வேன், கோபப்படக் கூடாது. உடனே ஓடாதே. இரண்டு ஆண்டு கோர்ட்டில் நில். 1993 மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் மாவட்டம்தோறும் மனித உரிமை நீதிமன்றம் என்று எழுதியிருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது, என்ன நடக்கவில்லை என்று பார். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு நீயே நாலு மனு எழுது. அதற்குப் பிறகு போனால் வகுப்பில் பேசுவதற்கு உனக்குச் சொந்தமாக ஏதாவது இருக்கும்.

இன்னும் நேராகக் கேட்கிறேன், எல்லோரையும்தான். இந்தப் படிப்புக்கு வெளிநாடு போக வேண்டுமா? அநியாயம் இங்கே நடக்கிறது, வழக்கு இங்கே நடக்கிறது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் மனித உரிமைச் சட்டத்தில் பட்டயம் தொலைநிலையிலேயே படிக்கலாம். வேலையை விடாமல் முடிக்கலாம்.

கோல்செஸ்டர் போய்வந்தவள்
மே 5, இரவு 10.30

வக்கீல் சார், தம்பிக்குச் சொன்னதை முழுவதும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது கேள்வியில் எனக்கு வேறு கருத்து.

பேத்தி பார்க்கும் வேலையில் அநியாயம் இங்கே நடக்கவில்லை. குவைத்தில் ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. அங்கே 2015இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே 68ஆம் எண் சட்டம் வந்தது. நாளைக்கு 12 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு என்று அதில் இருக்கிறது. நம் பெண்களுக்கு மனு எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சட்ட எண்ணைக் குறிப்பிடுகிறார்கள்? எனக்கே அங்கே போன பிறகுதான் தெரிந்தது. 2011இல் உலகத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காக 189ஆம் உடன்படிக்கை கொண்டு வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. பிலிப்பைன்ஸ் செய்தது. என் வகுப்பில் மணிலாவிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். அவர்கள் நாட்டுப் பெண்கள் போகும்போது அரசு என்னென்ன கையெழுத்து வாங்குகிறது என்று அவள் ஒரு மாலை முழுவதும் எனக்கு விளக்கினாள். புத்தகத்தில் படித்திருந்தால் மறந்திருப்பேன். இன்றும் ஏதாவது சிக்கல் என்றால் அவளுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். இங்கேயே இருந்திருந்தால் அவளை எனக்குத் தெரிந்திருக்காது.

செஞ்சை வாத்தியார்
மே 6, காலை 6.15

ஓய்வு பெற்ற ஆசிரியன். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வக்கீல் தம்பி சொல்வதிலும் உண்மை இருக்கிறது, மதுரை அம்மா சொல்வதிலும் இருக்கிறது.

1913இல் 22 வயது அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுக்கு. திரும்பி வந்து பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் வந்தார். அந்த ஊரில் தங்க அவருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. கொலம்பியாவில் படித்தவர் என்பது யாருக்கும் பொருட்டாக இல்லை. நம் பேத்தி திரும்பி வரும்போதும் இந்த ஊர் அவளுக்குக் கம்பளம் விரிக்காது. "இவ்வளவு படித்துவிட்டு இன்னும் அதே ஆபீசா" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இப்போதே பதில் தயார் செய்துகொண்டால் நேர்முகத்திலும் அதே பதில் உதவும், ஏனென்றால் அங்கேயும் இதைத்தான் கேட்பார்கள்.

இன்னொரு பெயரையும் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1948 டிசம்பர் 10ஆம் தேதி ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் "எல்லா ஆண்களும்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை மாற்றி "எல்லா மனிதர்களும்" என்று ஆக்கியதில் இந்தியாவின் ஹன்சா மேத்தாவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு சொல்தான். வீட்டு வேலைக்குப் போன பெண்ணும் அந்தச் சொல்லுக்குள் வருகிறாள்.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது ஆண்டில் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். "நல்ல ஒழுக்கமுள்ள மாணவி, கடின உழைப்பாளி" என்று எழுதியவை எதற்கும் பயன்பட்டதாக நினைவில்லை. பெரிய பதவியில் இருப்பவரிடம் போகாதே அம்மா. நீ வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவரிடம் போ. அவரிடம் நீ செய்த நாலு வேலையைத் தேதியோடு எழுதிக் கொடு. அவர் அதை வைத்துத் தன் சொல்லில் எழுதட்டும்.

புதுவயல்காரர்
மே 6, இரவு 8.45

வாத்தியார் ஐயா சொன்னது மனதில் பட்டது. நான் ஒரு தகப்பனாகக் கேட்கிறேன். பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப இந்தப் பெண்ணின் அப்பா ஒத்துக்கொண்டாரா?

பள்ளத்தூர்ப் பேத்தி
மே 6, இரவு 9.30

மாமா, நேற்றுதான் பேசினேன். நீங்கள் எல்லோரும் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "படிப்பு அறியாத பெண்கள் தனியாகக் குவைத்துக்குப் போகிறார்கள், படித்தவள் நீ லண்டனுக்குப் போகக் கூடாதா" என்று கேட்டார். அம்மாவுக்கு இன்னும் பயம்தான். அதற்கு நேரம் ஆகும்.

வக்கீல் சார் சொன்ன தாளைப் போட்டுவிட்டேன். வளவு அண்ணன் சொன்ன முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு தனி வரி சேர்த்திருக்கிறேன். ஒரு சந்தேகம்: அமெரிக்கா, ஜெர்மனி எதுவும் யாரும் சொல்லவில்லையே?

வளவு வாசல்
மே 7, காலை 7.10

அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை இருக்கிறது. அதற்கு 3 ஆண்டு அனுபவம் வேண்டும், உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் குறைகிறது. மூன்றாண்டு பி.ஏ. மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் எம்.எஸ்.டபிள்யூ. முடித்திருப்பதால் அந்தத் தடை இல்லை. விண்ணப்பம் பொதுவாக மே மாதத்தோடு முடியும். அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பின் ஹெல்முட் ஷ்மிட் உதவித்தொகைத் திட்டம். பாடம் பொதுக்கொள்கையும் நல்லாட்சியும், மனித உரிமைக்குப் பக்கத்து வீடு. எர்ஃபுர்ட் நகரில் வில்லி பிராண்ட் பள்ளி அதில் ஒன்று. மாதம் 992 யூரோ, படிப்புக்கு முன்பே சில மாதம் ஜெர்மன் மொழி வகுப்பு. விண்ணப்பம் ஜூன், ஜூலையில். உங்களுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பாருங்கள்.

கோல்செஸ்டர் போய்வந்தவள்
மே 7, பிற்பகல் 1.00

ரோட்டரி அமைதி உதவித்தொகையையும் சேர்த்துக்கொள். சுவீடனில் உப்சாலா, இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு மாதிரி இடங்களில் அமைதி ஆய்வு முதுகலை, ஆண்டுக்கு 50 பேர் வரை, முழுச் செலவும். இதற்கும் 3 ஆண்டு அனுபவம். மே 15க்குள் விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால் உனக்கு அடுத்த ஆண்டுதான். இங்கே எழுதுவதற்குக் காரணம் வேறு. காரைக்குடியில் ரோட்டரி உறுப்பினராக இருக்கும் குடும்பங்கள் நிறைய. உறுப்பினரின் மகன், மகள், பேரன், பேத்தி யாரும் விண்ணப்பிக்க முடியாது. இது தெரியாமல் ஒரு பெண் மூன்று மாதம் உழைத்து, கடைசியில் அப்பச்சி உறுப்பினர் என்பதால் நின்றுபோனாள். வீட்டில் முதலில் கேட்டுவிடுங்கள்.

பள்ளத்தூர்ப் பேத்தி
ஆகஸ்ட் 9, இரவு 10.20

மூன்று மாதம் கழித்து வருகிறேன். ஆங்கிலத் தேர்வு எழுத மதுரை போய்வந்தேன், மதிப்பெண் போதுமான அளவு வந்திருக்கிறது. யார்க், எசெக்ஸ், சசெக்ஸ் மூன்றையும் முடிவு செய்தேன். செவனிங் கட்டுரைகள் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரைவில் "சிறுவயதிலிருந்தே சமூக சேவையில் ஆர்வம்" என்று ஆரம்பித்திருந்தேன். வாசித்துப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது போல இருந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். தொடக்கத்தைத் தமிழில் சொல்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"குவைத்திலிருந்து திரும்பிய ஒரு பெண்மணி முதல் நாள் எங்கள் அலுவலகத்தில் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் ஒரு தினசரி காலண்டரின் அட்டையை மேசையில் வைத்தார். பின்பக்கம் மாதங்களின் பெயர். சம்பளம் வந்த மாதத்துக்கு எதிரே ஒரு புள்ளி. பதினான்கு மாதத்தில் ஐந்து புள்ளிகள் இருந்தன."

கோல்செஸ்டர் போய்வந்தவள்
ஆகஸ்ட் 9, இரவு 11.00

இதுதான் தொடக்கம். மாற்றாதே. ஆனால் அடுத்த வரியிலிருந்து அந்த அம்மாவைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டு போகாதே. கேட்பது தலைமைப் பண்பு, நீ என்ன செய்தாய் என்று. அட்டையைப் பார்த்த பிறகு நீ எழுந்து என்ன செய்தாய்?

பள்ளத்தூர்ப் பேத்தி
ஆகஸ்ட் 9, இரவு 11.25

அட்டையைப் படம் எடுத்தேன். புள்ளி இல்லாத ஒன்பது மாதத்துக்கும் சம்பளத்தைக் கணக்குப் போட்டுத் தூதரகத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் மறுபடி அனுப்பினேன், பதினொரு வாரம். நான்கு மாதச் சம்பளம் வந்தது. மீதி ஐந்து மாதத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் படிக்கத்தான் வருகிறேன் என்று எழுதலாமா அக்கா?

கோல்செஸ்டர் போய்வந்தவள்
ஆகஸ்ட் 9, இரவு 11.32

அப்படியே எழுது. பதினொரு வாரத்தை விட்டுவிடாதே. அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு, பெயரும் ஊரும் வரக்கூடாது.

செஞ்சை வாத்தியார்
ஆகஸ்ட் 10, காலை 6.05

பரிந்துரைக்கு உன் அலுவலகத்து மேலாளரே சரி. அவருக்கு ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. அவர் தமிழில் சொல்லட்டும், உட்கார்ந்து எழுதிவிடலாம்.

பள்ளத்தூர்ப் பேத்தி
ஆகஸ்ட் 10, இரவு 9.15

வருகிறோம் சார். இன்று சாயங்காலம் அந்த அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "என் பேரப் போடாத, புள்ளியப் போட்டுக்க" என்றார். காலண்டர் அட்டை இப்போதும் அவர் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.